போயிட்டு வாங்க, வெள்ளைக்காரரே!

விழாத் தலைமை ஏற்றிருக்கும் ஆலை அதிபர், ஒத்திகைக்கு இடமும் தந்து, ஒத்திகையில் நாங்கள் போடும் கூச்சலையும் தாங்கும் பெருந்தகை லட்சுமணசாமி அய்யா அவர்களே! அய்யாவையும் எங்களையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் பங்காரம்மா அம்மையார் அவர்களே! பாய் விரித்து இடம் பிடித்து, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே! பருத்தியும் மஞ்சளும் விளைவிக்கும் பெரியோர்களே! ஷிப்டு முடிந்து கையலம்பிய ஈரத்தோடு வந்திருக்கும் ஆலைத் தோழர்களே! கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலையோடு கதவோரம் நிற்கும் கல்லூரிக் காளைகளே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சுதந்திரப் பொன்விழா மாலையில் தம்பிதுரையின் தலை தாழ்ந்த வணக்கம்!

காந்திபுரத்து டவுன் பஸ்கள் வெளியே ஹாரன் அடிக்கின்றன. எனக்குத்தான் கைதட்டுகின்றன என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னங்க? "பேச்சைக் கொறைச்சுப்போட்டு நாடகத்தைப் போடுங்க" என்கிறார் அங்கே ஓர் அன்பர். நியாயம். ஆனால் அன்பரே, நான் இப்போது இறங்கிவிட்டால் நீங்கள் இந்தச் சிவப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கதாநாயகி அரிதாரம் பூசிவிட்டார், சேலை கட்டிவிட்டார், பூவும் வைத்துவிட்டார். எல்லாம் செய்துவிட்டு, "நான் மேடைக்கு வர மாட்டேனுங்க" என்று திரைக்குப் பின்னால் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒளிப்பானேன்? உள்ளதைச் சொல்லத்தான் ஓடி வந்திருக்கிறேன்.

பகலில் பம்ப்செட் விற்கிறவன், பொழுது சாய்ந்தால் வசனம் எழுதுகிறவன் நான். இன்று நடக்கவிருக்கும் நாடகத்தை எழுதியவனும் நானே. நாற்பத்திரண்டாம் ஆண்டு, நாடெங்கும் "வெள்ளையனே வெளியேறு" என்று முழங்கிய காலம். வேலாத்தாள் என்று ஒருத்தி. அவள் என் கற்பனை, சரித்திரத்தில் தேடாதீர்கள். போராட்டக்காரர்களை அவள் தன் வீட்டில் மறைத்து வைத்திருக்கிறாள். வெள்ளை அதிகாரி சோதனை போட வருகிறான். அவள் வாசலை மறித்து நிற்கிறாள். அங்கேதான் நாடகத்தின் உயிர். அந்த உயிருக்கு மூளையைக் கசக்கி நான் எழுதிய வசனத்தைக் கேளுங்கள்:

"ஆணவமே, அகன்று போ! அந்நியமே, அழிந்து போ! என் வாசல் மிதித்த வன்கொடுமையே, வந்த வழி திரும்பிப் போ!"

அடடா! கைதட்டலுக்கு நன்றி. ஆனால் இந்தக் கைதட்டல் வெள்ளகோவிலில் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? அதுதான் கதை.

வேலாத்தாளாக நடிப்பவர் லோகப்பிரியா. இதே காந்திபுரத்தில் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் பாடம் சொல்லித் தருகிறவர். வெள்ளை அதிகாரியாக நடிப்பவர் நம் கிருபாசங்கர். கறுத்த மேனி, ஒரு டப்பா பவுடர் அவருக்கு ஒரு காட்சிக்குத்தான் காணும். வெள்ளகோவில் கோயில் திடலில் நாடகம். வாசலை மறித்து நிற்கிறார் லோகப்பிரியா. கை ஓங்கியிருக்கிறது. கண் சிவந்திருக்கிறது. திடலில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. நான் பக்கத் திரையில் நின்று, வசனத்தை உதட்டால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "ஆணவமே, அகன்று போ" வர வேண்டும். வந்தது என்ன தெரியுமா?

"போயிட்டு வாங்க!"

வெள்ளைக்காரன் என்ன செய்ய வேண்டும்? துப்பாக்கியை நீட்ட வேண்டும். கிருபாசங்கரும் நம் மண்ணில் பிறந்த பிள்ளைதானே? தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டு, "வாரேனுங்க, அம்மணி!" என்று சொல்லிப்போட்டார்.

சிரிக்கிறீர்கள். வெள்ளகோவிலும் இப்படித்தான் சிரித்தது. ஆனால் தாய்மார்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். வாசலில் நிற்கிற ஒருவரைப் பார்த்து "போ" என்று உங்கள் வாய் என்றைக்காவது சொல்லியிருக்கிறதா? பெண் பார்க்க வந்து வேண்டாம் என்றவர்களுக்கும் போயிட்டு வாங்க. ஓட்டுக் கேட்டு வந்து தோற்றுப்போனவருக்கும் போயிட்டு வாங்க. பங்காரம்மா அம்மையார் தலையாட்டுகிறார்கள். அவர்கள் வீட்டுத் தெலுங்கிலும் "போயி ரண்டி"தான் என்று தலைவர் அய்யாவே என்னிடம் சொன்னார். பிறந்தது முதல் பழகிய வாய்க்கு, நான் எழுதிக் கொடுத்த மூன்று "போ"வும் அந்த நிமிடத்தில் மறந்துபோய்விட்டன.

நாடகம் முடிந்ததும் பார்த்தவர்கள் மேடையேறி மைக்கில் கருத்துச் சொல்வது எங்கள் குழுவின் வழக்கம். பாராட்டினால் ஒரு கும்பிடு. திட்டினால் இரண்டு கும்பிடு. வெள்ளகோவிலில் முதலில் ஏறியவர் ஜவுளிக்கடை நாகூர் மீரான். "அம்பது வருசம் முன்னாடி போனவங்க இப்ப கலர் சோடாப் பாட்டலைத் தூக்கிட்டு யாவாரத்துக்குத் திரும்பி வாராங்களேன்னு யோசிச்சுட்டு இருந்தனுங்க. நம்ம அம்மணிதான் வாங்கன்னு கூப்புட்டுருக்குது, இப்பத்தான் வெளங்குச்சு" என்றார். திடலே குலுங்கியது. லோகப்பிரியாகூடச் சிரித்துவிட்டார்.

அடுத்து ஒருவர் ஏறினார். சிரிப்பு நின்றது. அவர் பெயர் நஞ்சுண்டன். வெள்ளகோவில் பக்கம் தோட்டங்காடு வைத்திருக்கிற பெரியவர். மைக்கைப் பிடித்தார். "எங்கய்யன் அந்தப் போராட்டத்துல தடியடி பட்டவருங்க. செயிலுக்கும் போனவருங்க. அவரு முதுகுத் தழும்பைத் தொட்டுப் பாத்து வளந்தவன் நானு. இது சிரிக்கிற சமாச்சாரமாங்க? நீங்களே சொல்லுங்க" என்றார்.  இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கோபத்திலும் "நீங்களே சொல்லுங்க" என்றாரே, கவனித்தீர்களா? நான் அன்று கவனிக்கவில்லை. லோகப்பிரியா அழுதுகொண்டிருந்தார், தேற்றத் தெரியாமல் நின்றேன்.

பிறகு கொடுமுடி. காவிரிக் காற்று வீசுகிறது. லோகப்பிரியா எழுதியதை எழுதியபடியே பேசினார். எழுத்துப் பிசகவில்லை, மூச்சுப் பிசகவில்லை. மூன்று "போ"வும் முத்துமுத்தாய் வந்து விழுந்தன. மரியாதைக்குக் கைதட்டினார்கள், அவ்வளவுதான். கருத்துச் சொல்ல ஓர் அம்மையார் ஏறினார். சின்னாத்தாள் என்று பெயர். ஆற்றோரத்தில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறவர். வாயும் வளமான வாய். "ஏனுங்க தம்பி, எங்க கொழுந்தனாரு வெள்ளகோவில்ல பாத்துப்போட்டு வந்து ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அதைக் கேக்கத்தான் வாழைக்குத் தண்ணி கட்டறதை உட்டுப்போட்டு வந்தனுங்க. எங்கீங்க அந்த வார்த்தை? இன்னைக்கு அந்தப் புள்ள பேசுனது ரேடியோப் பொட்டி பேசுன மாதிரி இருக்குது. 'போயிட்டு வாங்க'ன்னு சொன்னா எங்க ஊட்டுப் பொம்பளை நிக்கற மாதிரி இருந்திருக்கும்" என்று என் வசனத்தைத் தூக்கிக் காவிரியில் போட்டுவிட்டார்!

சிரியுங்கள், சிரியுங்கள். எனக்கு வலித்தது. அலங்காரமாய் எழுதினேன், அடுக்கி எழுதினேன். ரேடியோப் பெட்டியாம்!

ஆனால் என் வலி பெரிதில்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வி பெரிது. "அண்ணா, சிரிப்பாங்கன்னு பயமில்லீங்க. எழுதுனதைச் சொன்னா பொய்யா இருக்குது. வாயில வர்றதைச் சொன்னா அந்தப் பெரியவரோட அய்யனை நான் அவமானப்படுத்துன மாதிரி இருக்குது. நான் எதைத்தான் சொல்லட்டுங்க?" என்றார். இன்று திரையிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார். மூன்றாம் வரிசையில் நஞ்சுண்டன் அய்யா உட்கார்ந்திருக்கிறார். பார்த்தவர், போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவையோரே! அறிவுடையோரே! உங்களைக் கேட்கிறேன். மரியாதை என்றால் பயமா? "ங்க" போட்டுப் பேசுகிறவன் கோழையா? வாசலை மறித்து நின்றாளே வேலாத்தாள், ஓரடி நகர்ந்தாளா? துப்பாக்கியைப் பார்த்துத் தலை குனிந்தாளா? வாய் மரியாதை சொன்னது. கால் வழி விட்டதா? விடவில்லை! பல்லைக் கடித்துக்கொண்டு வைவது எளிது. வாழ வந்த வீட்டின் வாசலில் நின்று, வதைக்க வந்தவனிடத்திலும் தன் வார்த்தையைத் தாழ்த்திக்கொள்ளாமல், "போயிட்டு வாங்க" என்று வழியனுப்புவது எளிதா? அவன் கெட்டான் என்பதற்காக நம் வாயும் கெட வேண்டுமா? ஆட்சியைப் பறித்தான், அரிசியைப் பறித்தான், ஆளைப் பிடித்தான். நம் நாக்கையுமா அவனுக்குக் கொடுத்துவிடுவது?

இப்படியெல்லாம் நான் பேசுவேன். நன்றாகவும் பேசுவேன். ஆனால் என் முதுகில் தழும்பு இல்லை. ஆகவே நஞ்சுண்டன் அய்யா, ஊரறிய உங்களையே கேட்கிறேன். அந்தப் பெண் எதைச் சொல்லட்டும்? நீங்கள் சொல்வதுதான் இன்று வசனம்.

எழுந்திருக்கிறார். அமைதி, அமைதி. அந்த விசிலைக் கொஞ்சம் பாக்கெட்டில் போடுங்கள் தம்பி.

சொல்லுங்க அய்யா… சொல்லுங்க… ம்… ம்…

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அய்யா சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். "கொடுமுடிச் சங்கதி எனக்கும் காதுக்கு வந்துச்சுங்க. அதுலருந்து தூக்கமில்லீங்க. எங்கய்யனைப் போலீசு புடிச்சுட்டுப் போறப்ப நான் தொட்டில்ல கெடந்தனாம். எங்காத்தா சொல்லும். வெலங்கு மாட்டிப்போட்டாங்க, தெருவே அழுவுது. அவரு வாசப்படி எறங்கித் திரும்பிப் பாத்து, 'வாரேன்'னு சொல்லிப்போட்டுப் போனாராமுங்க. 'போறேன்'னு சொல்லலீங்க."

அய்யா… கொஞ்சம் இருங்கள். 

கேட்டீர்களா என் தமிழ்ப் பெருமக்களே? கையில் விலங்கு. போகிற இடம் சிறை. திரும்புவோமா என்பது தெரியாது. தொட்டிலில் பிள்ளை. அப்போதும் "வாரேன்" என்றாரே! அந்தச் சொல்லில் இல்லாத வீரம் என் மூன்று "போ"வில் இருக்கிறதா? வருவேன் என்று நம்பியவன் போனான். வருவான் என்று நம்பியவள் காத்திருந்தாள். ஒருவர் சொன்னது "வாரேன்". இன்னொருவர் சொன்னது "போயிட்டு வாங்க". இந்த இரண்டு சொல்லுக்கு நடுவே அல்லவா இந்த நாட்டுக்கு விடுதலை வந்தது! வந்தாரா அய்யா உங்கள் தந்தை? வந்தார்! தழும்போடு வந்தார்! அந்தத் தழும்பைத் தொட்டு வளர்ந்த பிள்ளை இதோ மூன்றாம் வரிசையில் நிற்கிறார்!

அய்யா இன்னும் உட்காரவில்லை. இன்னும் ஏதோ சொல்கிறார். சொல்லுங்க…

ஆகா! ஆகா! இதைக் கேளுங்கள்: "அந்தப் புள்ள மனசுல என்ன வருதோ அதையே சொல்லட்டுமுங்க. போயிட்டு வாங்கன்னே சொல்லட்டும். ஆனா அந்த வெள்ளைக்காரன் 'வாரேன்'னு மட்டும் சொல்லக் கூடாதுங்க. அது எங்கய்யன் சொன்ன வார்த்தை."

தீர்ப்பு! இதற்கு மேல் ஒரு தீர்ப்பு உண்டா? கிருபாசங்கர், கேட்டதா? திரையை விலக்கித் தலையை நீட்டுகிறார் பாருங்கள். பாதி முகம் இங்கிலாந்து, பாதி முகம் சிங்காநல்லூர். என்ன சொல்கிறீர் துரையே? "செரிங்க"வா? செரிங்க என்றும் சொல்லாதே அப்பா. தொப்பியை மாட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல், பேசாமல் இறங்கிப் போ. உனக்குச் சொல்ல இனி ஒரு வார்த்தையும் கிடையாது. வாசல் அவளுடையது, வார்த்தையும் அவளுடையது.

லோகப்பிரியா, அம்மணி! நாற்காலியில் இருந்துகொண்டே எல்லாம் கேட்டீர்கள்தானே? இவ்வளவு சனமும் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது. வருவீர்களா?

திரை அசைகிறது. வந்துவிட்டார்! கையெடுத்துக் கும்பிடுகிறார். நஞ்சுண்டன் அய்யாவைப் பார்த்துத்தான் கும்பிடுகிறார். அய்யாவும் கும்பிடுகிறார். தாய்மார்களே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், நானும் துடைத்துக்கொள்கிறேன். என்னம்மா? மைக்கில் சொல்லுங்கள், எல்லாரும் கேட்கட்டும்.

"அண்ணா, நேரமாச்சுங்க. நீங்க மொதல்ல மேடையை உட்டு எறங்குங்க. போயிட்டு வாங்க!"

கேட்டீர்களா? எழுதியவனையே வெளியேற்றிவிட்டார்! தலைமை தாங்கிய அய்யாவுக்கும், தலையாட்டி ஊக்கம் தந்த அம்மையாருக்கும், தன் தந்தையின் வார்த்தையை எங்கள் நாடகத்துக்குத் தந்த நஞ்சுண்டன் அய்யாவுக்கும், சிரித்தும் அழுதும் துணை நின்ற உங்கள் எல்லாருக்கும் என் நன்றி, வணக்கம். விளக்கை அணையுங்கள்; திரையைத் தூக்குங்கள்.

வாரேனுங்க!