அண்ணன் மகள் தலைக்கு எண்ணெய்

மும்பையில், வாஷியிலிருந்து செம்பூர் வரும் ரயிலில், லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் இருந்த அக்கா எதிரே இருந்தவளிடம் சொன்னாள்: "எங்க அண்ணன் மவளுக்கு இருபத்தாறு வயசு. பொறந்தநாளைக்கு இன்னும் அவ தலையில எண்ணெய்தான் வைக்கேன்."

எதிரே இருந்தவளுக்குச் சிரிப்பு. "அதெல்லாம் ஒரு கிஃப்டாக்கா?"

"துணி எடுத்துக் குடுக்க நமக்கு எங்கட்டி வசதி? சின்னதுல இருந்தே இதான் வழக்கம். தாராவிக்கு எங்க வீட்டுக்கு வருவா, கீழ உக்காருவா, எண்ணெயச் சூடு பண்ணித் தேச்சு விடுவேன்."

"இந்த வருசமுமா? அவதான் மராத்திப் பையனக் கட்டிக்கிட்டுப் போயிட்டாளே?"

"அதாம்ட்டி பயம். அண்ணன் அவகிட்டப் பேச்ச விட்டுட்டான். எங்கிட்டயும் அவ பேசல. ஆனாலும் அன்னைக்கு எண்ணெயச் சூடு பண்ணி வச்சிட்டேன்."

மான்குர்த்தில் ஏறிய கூட்டம் நடுவில் வந்து நின்றது. சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான் கழுத்தை நீட்டினேன்.

"வந்தாளா?"

"வந்தா. செருப்பக் கழத்திட்டு, எனக்கு முதுகக் காட்டி உக்காந்துட்டா. நான் தேய்க்கத் தேய்க்க அழுதா. எனக்கும் பொலபொலன்னு வந்துட்டு."

"அந்தப் பையன்?"

"அவனும்தான் வந்தான். கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். இவ எந்திரிச்சதும் அதே எடத்துல வந்து உக்காந்து, தலையக் குனிஞ்சுகிட்டு, 'அத்தே, எனக்கும்'ங்கான். தமிழ்லட்டி!"

"தேச்சு விட்டியா?"

"பின்ன? சீசாவே காலி."