கேன் ரூம் கதவு

இல்ல ஆசாரியண்ணே, கதவு மேல தப்பே இல்லன்னு நீங்க சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். இந்த வீட்ல எந்தக் கதவு ஒழுங்கா இருக்கு? பாத்ரூம் கதவு மழை பெஞ்சா மூடாது, வாசக் கதவு மழை பெஞ்சா திறக்காது. இது என்னடான்னா... ஐயோ, தள்ளாதீங்க, தள்ளாதீங்க! உள்ள இன்னும் சரியும். என் வீட்டுக்காரி உள்ள இருக்கா.

போன்ல சொன்னேனே? 'கதவு மாட்டிக்கிச்சு'ன்னு மட்டும்தான் சொன்னேனா? பதட்டம்ணே, வேற ஒண்ணும் இல்ல.

கதவுக்குப் பின்னாடி கிடக்கறதெல்லாம் கேனு. ரெண்டாம் உலக யுத்த காலத்துல பட்டாளத்துக்காரங்க பெட்ரோல் கொண்டு போனாங்களே, அந்த இரும்புக் கேன். காலிதாண்ணே, காலி! பீடியெல்லாம் அணைக்க வேண்டாம்... சரி, எதுக்கும் அணைச்சுடுங்க. எத்தனை இருக்குன்னு மட்டும் கேக்காதீங்க. அவ கேட்டா ஒரு கணக்கு சொல்வேன், மச்சான் கேட்டா ஒரு கணக்கு சொல்வேன்.

ஏதோ தகர டப்பான்னு நினைச்சுடாதீங்க. இதோ, வெளிய ஒண்ணு இருக்கு பாருங்க. மேல மூணு கைப்பிடி. ஏன் மூணு? நிறைஞ்ச கேனை ஒத்தையா தூக்கணும்னா நடுப்பிடி. ரெண்டு பேருன்னா ஓரத்துல ஆளுக்கு ஒண்ணு. காலின்னு வைங்க, பக்கத்துப் பக்கத்துக் கேனோட ஓரப்பிடியைச் சேத்துப் புடிச்சா ஒரே கைல ரெண்டு கேன்! என்ன மூளை பாருங்க. இதைச் செஞ்சவனோட எதிரிப் படைக்காரனே மயங்கிப்போய் அப்படியே காப்பி அடிச்சிருக்கான்ணே. நான் மயங்கினா மட்டும் கிறுக்கனா?

...கேட்டுச்சா? 'அவரை வேலை பாக்க விடுங்க'ன்னு கத்துறா. கத்துறான்னா நல்லா இருக்கான்னு அர்த்தம். நான் லிஃப்ட் கம்பெனில போன் எடுக்கற ஆளுண்ணே. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க கூப்பிட்டா நான்தான் பேசணும். 'பதறாதீங்க, மூச்சை இழுத்து விடுங்க, ஆள் கிளம்பிட்டாங்க...' அந்தப் பழக்கதோஷத்துல இவகிட்டயும் அதே குரல்ல சொல்லிட்டேன். 'எந்த மாடின்னு மட்டும் கேட்டீங்க, அவ்வளவுதான்'ங்கறா!

பொண்ணு கைக்குழந்தையோட வரா, அடுத்த வாரம். இந்த ரூம் அவளுக்குத்தான். காலி பண்ணித் தரேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். குடுத்தேனா... குடுத்துட்டு இன்னும் ரெண்டு கேன் வாங்கிட்டேன், அது வேற கதை. இன்னைக்குக் காலைல இவ வந்து நின்னா. 'எதைத் தூக்கிப் போடறது, நீங்க சொல்றீங்களா, நானே எடுக்கட்டுமா?'ன்னா. உள்ள போனா, கதவைச் சாத்தினா, நேரா அடிவரிசைல கை வச்சுட்டா! யாராவது அடிவரிசைல கை வைப்பாங்களா? கடகடன்னு ஒரு சத்தம்... எனக்கு உசுரே போச்சு. எல்லாம் வந்து கதவு மேல சாஞ்சுடுச்சு. நல்லவேளை, அவ ஜன்னல் பக்கம் ஒதுங்கிட்டா.

என்னம்மா? ...சரி, சரி, சொல்றேன். அடிவரிசைல இருக்கறதுதான் உதவாதது, அதை எடுத்துக்கோன்னு நான்தான்ணே சொன்னேன். அத்தனை பாரத்துக்கு அடியில இருக்கு, எங்க உருவப்போறா, அலுத்துப்போய் விட்டுடுவான்னு ஒரு நினைப்பு. இவ உருவிட்டா!

உள்பக்கம் திறக்கற கதவா இருக்கேன்னுதானே பாக்கறீங்க? முதல்ல வெளிப்பக்கம்தான் திறந்துச்சு. வெளிய ஒரு அலமாரி போட வேண்டியிருந்ததா... கேன் மூடிகளை அடுக்கறதுக்கு... அதனால கீலை மாத்தச் சொன்னேன். யாரு மாத்தினான்னு கேளுங்க, அவனை... என்னது, நீங்களா? அப்பவே வேண்டாம்னு சொன்னீங்களா? சொல்லியிருப்பீங்க, சொல்லியிருப்பீங்க.

நான் யாரு சொல்லித்தான் கேட்டேன்! ஒரு கேன்ல 'நாப்பத்து மூணு'ன்னு வருஷம் குத்தியிருந்துச்சு. பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு மாசக்கணக்கா ஆராய்ச்சி. சேகரிக்கறவங்க நடத்தற பத்திரிகைக்குக் கட்டுரையே எழுதிட்டேன்ணே. 'பாலைவனம் கடந்த கேன்'. பக்கத்துல ஒரு நசுங்கல் இருந்துச்சு, குண்டுச் சிதறல் பட்டதுன்னு அதுக்கே அரைப் பக்கம். அச்சுல வந்ததும் ஒரு பெரியவர் பதில் எழுதினாரு. அது மூணு இல்லயாம், எட்டாம். எட்டுல பாதியைத் துரு தின்னுடுச்சாம். நாப்பத்து எட்டு! யுத்தம் முடிஞ்சு, அத்தனை பேரும் வீட்டுக்குப் போயி, புள்ள குட்டி பெத்ததுக்கு அப்புறம் செஞ்ச கேன்ணே அது! அந்த நசுங்கல்? மச்சான் ஸ்கூட்டர் எடுக்கறப்ப இடிச்சதாம். இவ அன்னைக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டு அடுப்படிக்குப் போனா. தோள் மட்டும் குலுங்கிச்சு. சிரிச்சாளா அழுதாளான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல.

நீங்க என்ன நினைக்கறீங்கண்ணே? ...அண்ணே? எங்க போயிட்டாரு? ஏதாவது சாமான் எடுக்கப் போயிருப்பாரு.

ஏம்மா, ஆள் வந்துடுவாரு. கேக்குதா? ...ஏய்? கோவமா? கோவமா இருந்தாலும் ஒரு வார்த்தை பேசு. ...என்னம்மா ஆச்சு? மயக்கமா வருதா? இந்தாம்மா, ஒரு கேனையாவது தட்டு. ஒரு தட்டு, போதும்.

நான் ஒரு முட்டாள்மா. இத்தனை வருஷமா 'ஒரு தடவை வந்து பாரேன், வந்து பாரேன்'னு உன்னைக் கெஞ்சினேன், நீ வந்த அன்னைக்கு இப்படி ஆயிடுச்சு. ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடறேன். எல்லாத்தையும்! அந்த நாப்பத்து எட்டையும் சேத்து. நீ வெளிய வந்தாப் போதும். பேசும்மா...

யாரு, என் தோளைத் தொடறது? நானே இங்க பதறிக்கிட்டு...

எப்படி? எப்படி வந்தே? ஜன்னல் கம்பியைக் கழட்டினாரா? கழட்டிட்டு ஒரு குரல் குடுக்கக் கூடாதாண்ணே? உசுரைக் கைல புடிச்சுக்கிட்டு நிக்கறேன்!

எப்ப வந்து நின்னே? ...எதுவரைக்கும் கேட்டே? எடைக்குப் போடறேன்னேனே... அதுவுமா? இல்ல, அது வந்து, நான் என்ன சொல்ல வந்தேன்னா... நீங்க ஏண்ணே சிரிக்கறீங்க?

சரி. சொன்னது சொன்னதுதான். நீ முதல்ல உக்காரு, தலையெல்லாம் துரு. தண்ணி கொண்டாரேன்.