பச்சை லைட்டு எரியுதா?

— ரயில்ல எதுக்கு மாமா ராத்திரி பூரா குலுங்கிக்கிட்டு? மதுரையில ஏறுனா ஒரு கோழித்தூக்கம், கண்ண முழிச்சா சென்னை. திங்கக்கிழமை தொடக்க விழாவுக்கு நீங்களும் அத்தையும் பிளேன்லயே வந்துருங்க.

— டிக்கெட்டே போட்டாச்சு மாப்ள. இனிமே பிளேனையெல்லாம் இறக்கப் போறதே நம்ம மாப்ள மகேஷ்குமார் மெசினுதான்னு சிவகாசி பஜார் பூரா சொல்லிட்டேன். உங்க அத்தைக்குத்தான் பயமா இருக்காம்.

— இருக்காதா பின்ன? மேல போய் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டா?

— ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கீங்களா? நல்லது. அத்தை, எந்த பிளேன் எங்க வருது, எம்புட்டு உயரம், அடுத்து எது இறங்கணும், அம்புட்டும் எங்க டேட்டாபேஸ்ல இருக்கும். டவர்ல உக்காந்திருக்கவங்க அதைப் பாத்துத்தான் பைலட்டுக்கு வழி சொல்லுவாங்க.

— அதுவே மக்கர் பண்ணுச்சுன்னா?

— அதுக்குத்தானே உங்க பிரஸ் மாடியில இன்னொரு மெசினு வச்சிருக்கேன். சென்னையில எழுதுறது அந்த நிமிசமே அங்கயும் எழுதிக்கிடும். சென்னை படுத்துச்சுன்னா, மூணு எண்ணுறதுக்குள்ள சிவகாசி எந்திரிச்சு நிக்கும். உலகத்தரம் அத்தை, உலகத்தரம்.

— அடி சக்கை! பட்டாசாபீஸ்ல மருந்து ரூமைத் தள்ளித் தள்ளிக் கட்டுறோம்லா, அந்த மாதிரி. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்.

— அருமை மாமா, இதை என் உரையில சேத்துக்கிடறேன். இப்ப சர்டிபிகேட் குடுக்குற கமிட்டி வருது. அவங்க முன்னால பட்டனை அமுக்கி, சென்னையில இருந்து சிவகாசிக்கு மாத்திக் காட்டணும். ஒரு வருசமா வெள்ளோட்டம் விட்டு மாசாமாசம் ஒத்திகை பாத்தாச்சு, எல்லாம் பாஸ். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கேன். அத்தை, பச்சை லைட்டு எரியுதா?

— நீ போன் போடும்போதெல்லாம் சொல்றேன்லாப்பா, ஜெகஜோதியா எரியுது. பச்சை, சிவப்பு, நீலம்.

— நீலமா? அதுல நீலமே கிடையாதே.

— சீரியல் செட்டுல எல்லாக் கலரும் உண்டு. பூசைக்குச் சுத்துனது. எடுப்பா இருக்குன்னு களட்டாம விட்டுட்டேன்.

— எந்தப் பூசைக்கு?

— ஆயுத பூசைக்கு.

— அத்தை, இது ஆடி மாசம்.

— எனக்குத் தெரியாதாக்கும்? ஆடியில வர்ற புதுக் காலண்டர் ஆல்பத்துக்குத்தான் கீள அச்சு மெசினு கெடந்து அலறுது. நான் போன புரட்டாசியச் சொல்றேன்.

— சரி, சீரியல் செட்ட விடுங்க. மெசினுக்குள்ள லைட்டு எரியுதா, இல்லையா?

— அணைச்சு வச்ச மெசினுல எப்படிப்பா எரியும்?

— அணைச்சு வச்சதா?

— ஆயுதத்துக்கு அன்னைக்கு ஒருநாளாச்சும் ஓய்வு வேண்டாமா? உன்னையக் கேட்டுத்தானே அணைச்சேன். ஒருநாள்தானே அத்தை, தாராளமா அணைங்கன்னு நீதான சொன்ன?

— ஏளா செல்லக்கனி, மறுநாளே போட்டுத் தொலைக்க வேண்டியதுதான?

— நல்லா இருக்கே! பூசையில வச்சத, யாரு ஆயுதமோ அவுகதான முதல்ல தொட்டு எடுக்கணும்? அச்சு மெசின நீங்க தொட்டீக. இது அவன் தொழிலு. தீபாவளிக்கு வந்து தொடுறேன்னான், வரல. பொங்கலுக்குன்னான், வரல. பங்குனிப் பொங்கலுக்கும் போன்தான் வந்துச்சு. நான் போய்த் தொட்டு, பிள்ளை தொழிலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?

— அணைஞ்சா இங்க அலாரம் அடிச்சிருக்கணுமே... அடிக்காது. மேல உள்ளவங்களுக்குத் தெரிய வேண்டாம்னு அந்த ஒரு நாளைக்கு நான்தான் அலாரத்தை அமத்துனேன். திரும்ப எடுத்து விடல.

— அப்ப மாசாமாசம் ஒத்திகையில பாஸானது எந்த மெசினு மாப்ள?

— பட்டனை அமுக்குனா சிவகாசியத் தேடும். ஆளு இல்லைன்னா சென்னையே அது பாட்டுக்கு ஓடும். எதுவும் நிக்கலைல்லா, அதனால திரையில ‘வெற்றி’ன்னு வரும். நாங்க கைதட்டுவோம்.

— ஒரு எட்டுதானே மாப்ள, நான் இப்பவே மாடியேறிப் போட்டு விடுறேன்.

— போட்டா, போன புரட்டாசியில இறங்குன பிளேனெல்லாம் இன்னும் வானத்துலயே நிக்குதுன்னு சொல்லும். எல்லாத்தையும் புதுசா ஏத்திச் சரிபாக்க ரெண்டு வாரமாவது ஆகும்.

— அப்பத் திங்கக்கிழமை விழாவத் தள்ளி வைக்கச் சொல்லு.

— எப்படி மாமா? அழைப்பிதழ் அடிச்சதே நீங்கதானே! மந்திரி பேரு, என் பேரு, தேதி, எல்லாம் தங்க எழுத்துல.

— அதுவும் சரிதான். அடிச்ச சரக்க என்ன செய்ய?

— ஏப்பா மகேசு, உள்ளதை அவுககிட்டச் சொல்லிரு. நாலு ஏச்சு ஏசுவாக, வாங்கிக்கிட்டாப் போச்சு.

— ஏச்சோட விடமாட்டாங்க அத்தை. வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அந்தா, கமிட்டிக்காரங்க கோட்டு போட்டுக்கிட்டு வாராங்க.

— இரு மாப்ள. இப்பப் பட்டனை அமுக்குனா என்ன வரும்?

— வழக்கம்போல ‘வெற்றி’தான்.

— சென்னை மெசினு நல்லாத்தான ஓடுது?

— இதுவரைக்கும்.

— பெறகென்ன? அமுக்கு. ரெண்டு வாரத்துல இதைச் சரிபண்ணிக்கிடலாம். திங்கக்கிழமை நாங்க பறந்து வந்து உனக்கு மாலை போடுறோம்.

— வாங்க சார், வணக்கம், உக்காருங்க. எல்லாம் ரெடி சார், அமுக்கிக் காட்டிரலாம். ஒரே நிமிசம், ஊர்ல இருந்து மாமா பேசுறாங்க... மாமா.

— சொல்லு மாப்ள.

— ரயில்லயே வாங்க.