நான் கை வைத்த படங்கள்

அந்தத் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள் மேடம். மதியத்துக்கு மேல் இந்த அறையில் மஞ்சள் வெயில் விழும். மஞ்சள் வெயிலில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும், அதனால் அந்த நேரத்தில் நான் மதிப்பெண் போடுவதில்லை. சின்ன விஷயம். ஆனால் ஓவிய டீச்சரின் நேர்மை இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். காலையில் உங்கள் எதிரில் நான் கையெழுத்துப் போட்டபோது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தீர்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் இருந்தது. ரொம்ப நாளாகவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேள்வி கேட்டுச் சிரமப்பட வேண்டாம்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் ஓவியத்தை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியவில்லையென்றால் என் பீரியடைத்தான் வாங்கிக்கொள்வார். கழிவறைக் கதவில் ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்று எழுத வேண்டுமா, உடனே என் ஞாபகம் வந்துவிடும். ஆனால் கடைசி வகுப்பில் மட்டும் கதை வேறு. அங்கே ஓவிய மதிப்பெண் மற்ற பாடங்களோடு சேர்ந்து சராசரியைத் தூக்கிவிடும். கணக்கில் ததிங்கிணத்தோம் போடுகிற தச்சர் மகன் தொழிற்பயிற்சிக்குப் போவதும், இரட்டைப் பெண்கள் இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் சேருவதும் என் மதிப்பெண்ணில் தொங்கியது. வருடம் முழுக்க வரைந்ததிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு தொகுப்பு வைக்க வேண்டும். நான் மதிப்பெண் போட்ட பிறகு உங்கள் தேர்வு வாரியத்திலிருந்து ஒரு வெளித் தேர்வாளர் வந்து சில தொகுப்புகளை மட்டும் பிரித்துப் பார்ப்பார். அவற்றுக்கு நான் போட்டதில் கோளாறு இருந்தால் முழு வகுப்புக்கும் மதிப்பெண் குறையும். விதியை எழுதியது நீங்கள்தான், உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வகுப்பில் சுற்றி வரும்போது யாராவது ஒரு மூக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், “தள்ளு, ஒரு நிமிஷம்” என்பேன். பிள்ளை நகர்ந்துகொள்ளும். நான் அதே ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கைச் சரிசெய்வேன். மூக்கு சரியானதும் கன்னம் இடிக்கும், கன்னம் சரியானதும் பின்னணி பல்லிளிக்கும். மணி அடிக்கும்போது படம் முடிந்திருக்கும். இதற்கு ‘கை வைப்பது’ என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். “டீச்சர், என் படத்துல எப்ப கை வைப்பீங்க?” என்று அவர்களே வந்து கேட்பார்கள். எந்தப் பிள்ளையும் வருத்தப்பட்டதில்லை. எந்தப் பெற்றோரும் புகார் சொன்னதில்லை. ‘இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கைராசி’ என்று தலைமையாசிரியை வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். கைராசிதான். ஒரே ஒரு கையின் ராசி.

அந்தப் பெண்ணை வகுப்பில் எல்லோரும் ஈரத்தலை என்று கூப்பிடுவார்கள். அவள் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். மகளும் காலையில் கூடப் போய் ஒத்தாசை செய்துவிட்டு, குளித்த தலை துவட்ட நேரமில்லாமல் ஓடி வருவாள். தாளில் சொட்டு விழாமல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வரைவாள். முதல் வகுப்பிலிருந்தே என்னிடம் படித்தவள். அப்போது சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு சொல்லித் தருவேன். வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுவர்த்தியால் கிறுக்க வேண்டும். ஒன்றும் தெரியாது. மேலே மையைப் பூசினால் மெழுகு பட்ட இடத்தில் மை ஒட்டாது, கிறுக்கல் வெள்ளையாக எழுந்து வரும். அன்றைக்கு வகுப்பிலேயே சத்தமாகச் சிரித்தவள் அவள்தான். பிறகு எல்லாருடைய தாளையும் பார்த்துவிட்டு, “டீச்சர், ஒவ்வொருத்தர் தேய்ச்சதும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. உங்களோடது மட்டும் எதிர்ப்பக்கமா சாயுது” என்றாள். நான் இடது கைக்காரி. அதை மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

கடைசி வருடத்தில் அவள் வேறு எதையும் வரையவில்லை, அம்மாவின் கைகளைத்தான் வரைந்தாள். துணி பிழிகிற கை, விரிப்பு மடிக்கிற கை, ஒன்றும் செய்யாமல் மடியில் கிடக்கிற கை. எல்லாம் பிரஷ்ஷும் கறுப்பு மையும்தான், பென்சிலைத் தொடவே மாட்டாள். ஒரு நாள் கட்டைவிரல் கொஞ்சம் நீளமாக இருப்பது போலப் பட்டது. “தள்ளு, ஒரு நிமிஷம்” என்றேன்.

அவள் நகரவில்லை. உள்ளங்கையைத் தாளுக்கு மேலே, படாமல், கூரை மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் டீச்சர். எங்க தப்புன்னு சொல்லுங்க, நானே பாத்துக்கறேன்.”

மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த மேஜைக்குப் போய் இரட்டையரில் மூத்தவளின் படத்தில் கை வைத்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன் என்பது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. கட்டைவிரலும் நீளமாக இல்லை, மறுநாள் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது.

வெளித் தேர்வாளர் நல்ல மனிதர். வயதானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு அதைத் தேடுகிறவர். தொகுப்புகளை இதோ இந்த நீள மேஜையில் பரப்பி வைத்தேன். ஒரு சுற்று வந்தார். தலையாட்டிக்கொண்டே வந்தார். கைகளுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். வெகுநேரம் நின்றார். அவர் பார்க்கப் போவதை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்த மேஜையில் இரண்டே பேருடைய படங்கள்தான் இருந்தன.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, இது மட்டும் தனியா இருக்கே டீச்சர்?” என்றார்.

“ஆமா சார்.”

“இது பிள்ளைங்க கை இல்லையே. வெளியில யாரோ வரைஞ்சு குடுத்திருக்காங்க. இந்தப் பொண்ணு வரையறதை நீங்க கண்ணால பாத்தீங்களா?”

ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறேன். அந்த ஈரத்தலைக்குப் பின்னால் நின்று, மூச்சு விடாமல் பார்த்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள் மேடம். பார்த்தேன் என்று சொன்னால் அவர் அடுத்து என்ன கேட்பார்? அப்படியென்றால் மற்றவர்கள் படமெல்லாம் ஏன் ஒரே அச்சாக இருக்கிறது என்று கேட்பார். தச்சர் மகன், இரட்டையர், பின்வரிசையில் எதற்கெடுத்தாலும் அழுகிற பையன், எல்லோரும் ஒரே கேள்வியில் போய்விடுவார்கள். ஒருத்தியா, ஒரு வகுப்பா? நான் பொய் சொல்லவில்லை. “யோசிச்சுத்தான் சார் சொல்லணும்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் நல்ல மனிதர் என்றேனே. ஒரு வாய்ப்புக் கொடுத்தார். மறுநாள் காலையில் எங்கள் இருவர் முன்னாலும் அவள் உட்கார்ந்து ஒரு கூஜாவை மையில் வரைய வேண்டும். வரைந்துவிட்டால் தொகுப்பு அவளுடையது. “தாளெல்லாம் நீங்களே எடுத்து வெச்சிடுங்க டீச்சர்” என்றார்.

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல கனமான தாள், நானே எனக்கென்று வாங்கி வைத்து வருடக்கணக்கில் தொடாமல் இருந்தது. அவள் எதை வரைந்தாலும் நடுவுக்கு இடது பக்கமாக, கொஞ்சம் கீழே தள்ளி வைப்பாள். கூஜாவும் அங்கேதான் உட்காரும். அந்த இடத்தில் முதலில் தேய்த்தேன். பிறகு எதற்கு வம்பு என்று முழுத் தாளிலும் தேய்த்தேன். பளபளப்புத் தெரியக் கூடாது, அதனால் பழைய பனியன் துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டேன். அழுத்தினால் மெழுகு திரளும், விட்டால் மை பிடித்துவிடும். சொல்கிற அளவுக்குச் சுலபமான வேலை இல்லை.

அக்கா தண்ணீர் குடிக்க வந்தவள் பார்த்துவிட்டாள். நாங்கள் இருவரும்தான் அந்த வீட்டில்.

“கரண்ட்டு கூடப் போகலியேடி, மெழுகுவர்த்தி எதுக்கு?”

“ஸ்கூல் வேலைக்கா.”

“பசங்களுக்கா? இன்னும் எல்லாத்தையும் நீயே செஞ்சு குடுத்துக்கிட்டிரு. உன்னை மாதிரி ஒரு டீச்சர் அதுங்களுக்குக் கெடைக்குமா?” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

காலையில் ஈரத்தலை வழக்கம் போல ஓடி வந்தாள். பயந்த மாதிரித் தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள், கூட டீச்சர் இருக்கிறார் என்ற தைரியம். தேர்வாளர் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் பிரஷ்ஷை மையில் தோய்த்து கூஜாவின் வாயை ஒரே இழுப்பில் இழுத்தாள். மை ஒட்டவில்லை. சின்னச் சின்ன மணிகளாகத் திரண்டு ஓடியது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் ஓடியது. பிரஷ்ஷை வைத்துவிட்டு விரலின் பின்பக்கத்தால் தாளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“டீச்சர், இந்தத் தாளு...”

“தாளுக்கு என்னம்மா? நல்ல தாள்தான். நானே எடுத்து வெச்சேன்.”

“நீங்களேவா?”

“நானேதான்.”

சாய்ந்திருந்த தலையிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்து உருண்டு நின்றது. அந்த ஒரு நொடியில் அவள் வாயைத் திறந்திருந்தால் அந்த மனிதர் எழுந்து வந்து பார்த்திருப்பார். நான் காத்திருந்தேன். அவள் அவரைக் கூப்பிடவில்லை. “சரி டீச்சர்” என்றாள்.

பிறகு மைப் புட்டியைக் கிண்ணத்தில் கவிழ்த்துத் தண்ணீர் கலந்தாள். சுவருக்கு அடிக்கிற மாதிரி அகலமான பிரஷ் ஒன்று எடுத்து, மேலிருந்து கீழே, நிதானமாக, அழுத்தி அழுத்தித் தாள் முழுக்கப் பூசினாள். கூஜாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மை கறுப்பாகப் படியப் படிய என் கோடுகள் எழுந்து வந்தன. ஒவ்வொன்றும், இடது மேலிருந்து வலது கீழாக, எதிர்ப்பக்கம் சாய்ந்து. முடித்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, தாளை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அவர் முன்னால் அல்ல.

தேர்வாளர் வந்து எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, மழை பெய்யுதா?” என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். வரையத் தெரியாததோடு திமிரும் சேர்ந்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். ஓவியத்தில் மோசடி என்றால் எல்லாப் பாடமும் ரத்து என்பதும் உங்கள் விதிதான். ஓவியக் கல்லூரியில் அவளுக்கு எடுத்து வைத்திருந்த இடமும் போனது. திருடனைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் அவர் மற்ற தொகுப்புகளை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தச்சர் மகன் பாஸ். இரட்டையர் ஒரே கல்லூரி. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவள் அம்மா அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். மகளிடம் எத்தனையோ பேர் கேட்டும் அவள் சொன்னது ஒன்றுதானாம். “டீச்சரையே கேளுங்க. அவங்க சொல்லுவாங்க.” அவ்வளவு நம்பிக்கை என் மேல். நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சலவைக்கூடத்துப் பின்வாசல் வழியாக அவளை ஒரு முறை பார்த்தேன். விரிப்புகளை இஸ்திரி உருளையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷைக் கையில் எடுத்தாலும் ஒரு கோடு இழுக்காமலே கீழே வைத்துவிடுகிறாளாம், அவள் அம்மா சொன்னாள். அது போகப் போகச் சரியாகிவிடும், தினமும் கோடு இழுத்துப் பழகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்கறை இல்லாதவள் அதையெல்லாம் சொல்வாளா?

கொண்டுவந்திருக்கிறீர்களா? விரியுங்கள், இப்போது மஞ்சள் வெயில் இல்லை. ஆமாம், இதுதான். இந்தக் கோடுகள் என் கை. மறுக்கவில்லை. இந்தக் கறுப்பைப் பாருங்கள் மேடம். ஒரு இடத்தில் கூடத் திட்டுத் திட்டாக இல்லை, ஒரே சீராகப் படிந்திருக்கிறது. அந்த நிலைமையில் ஒரு பெண்ணின் கை இவ்வளவு நிதானமாகப் போயிருக்கிறது. இத்தனை வருடத்தில் இந்த அறையிலிருந்து வெளியே போன படங்களில் இதுதான் சிறந்தது. இதை நான் அன்றைக்கே மனதுக்குள் திருத்திப் பார்த்தேன். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் முழு மதிப்பெண் தர முடியவில்லை. கறுப்பு மட்டும்தான் அவளுடையது, வெள்ளையெல்லாம் நான் போட்டது. பிள்ளை தன் கையால் செய்ததற்கு மட்டும்தான் மதிப்பெண். அந்த ஒரு விஷயத்தில் நான் எப்போதுமே கண்டிப்பானவள்.