படத்தில் காணாமல் போன சட்டை

— தள்ளி நிக்காதீங்க, மணிப் பொத்தானுக்குப் பக்கத்துல வாங்க. இங்க திரையில உங்க முகம் பாதிதான் தெரியுது. முகத்தைக் காட்டாதவங்களுக்கு நான் கதவைத் திறக்கிறதில்ல.

— வந்துட்டேன்மா. இப்போ தெரியுதா? உராஹமா நகராட்சி, சுற்றுலாப் பிரிவு. பேரு மகாபே. தப்பா நினைக்காதீங்க, உள்ள வந்து அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன்.

— அப்படிங்களா? போன மாசம் வந்தவரும் நகராட்சின்னுதான் சொன்னார். ஆஸ்பத்திரிப் பணம் திரும்ப வருது, உங்க வங்கி அட்டையைக் கொடுங்கன்னார். அவர் கழுத்துலயும் இதே மாதிரி அடையாள அட்டை தொங்கிச்சு. டை மட்டும் உங்களை விட நல்லா கட்டியிருந்தார்.

— ஐயோ, நான் பணம் காசு விஷயமா வரலைம்மா.

— வர்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் சொல்றாங்க. நகராட்சிக்காரர்னா சொல்லுங்க பார்ப்போம். எங்க தெருவுல எரிக்கிற குப்பையை என்னைக்கு எடுப்பாங்க?

— அது குப்பைப் பிரிவும்மா. நான் சுற்றுலா... செவ்வாய், வெள்ளியா?

— திங்கள், வியாழன்.

— நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கேன். எங்களுக்கு செவ்வாய், வெள்ளிதான். தப்பா நினைக்காதீங்க நிஷிகாகி அம்மா.

— என் பேரு கூடத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. சரி, அப்புறம்?

— வாசல் பலகையில எழுதியிருக்குதேம்மா. உங்க வீட்டுக்குப் பின்னால எழுபத்திரண்டு படி இருக்கில்லையா...

— என் வீட்டுக்குப் பின்னால இருக்கிறதை எனக்கே சொல்றீங்களா?

— இல்ல, மேல் படியில நின்னு பார்த்தா கீழ உங்க ஓட்டுக் கூரை, அப்புறம் கடல், கடலுக்கு நடுவுல எபோஷித் தீவு, சரியா அதுக்குப் பின்னால சூரியன் இறங்கும். ஊர்லயே படம் எடுக்க நல்ல இடம் அதுதான். எங்க இணையப் பக்கத்துல தினம் அங்கேருந்து ஒரு படம் போடுறோம்.

— தெரியுமே. சாயங்காலம் ஆனா கேமராவும் ஸ்டாண்டுமா வந்து என் பூந்தொட்டியை மிதிக்கிறாங்க. போன வாரம் ஒருத்தன், தீவை மறைக்குதுன்னு என் நாரத்தை மரத்துல ஒரு கிளையையே ஒடிச்சுட்டான். அதுக்கு மன்னிப்புக் கேட்கவா வந்தீங்க?

— அதுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா நான் வந்தது துணி விஷயமா.

— என்ன துணி?

— மாடியில மூங்கில் கழியில ஒரு நீல வேலைச் சட்டை மாட்டுறீங்களே, அது. யார் எடுத்தாலும் தீவுக்குக் கீழ அந்தச் சட்டை. காத்து அடிச்சா தீவுக்குக் கை முளைச்சு டாட்டா காட்டுற மாதிரி இருக்கு. புது வருஷத்துக்கு போஸ்டர் அடிக்கிறோம். நாளைக்கும் மறுநாளும் சாயங்காலம் மட்டும் அதை எடுத்து உள்ள வச்சீங்கன்னா...

— முடியாது.

— ரெண்டே நாள்மா.

— ரெண்டு நாள் துணி காயலைன்னா வீட்ல ஆள் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அதுக்குத்தானே கேட்கறீங்க?

— அது யாரோட சட்டைம்மா?

— என் வீட்டுக்காரரோடது.

— தப்பா நினைக்காதீங்க. அவர் தவறி மூணு வருஷமாச்சுன்னு தெருச் சங்கத் தலைவர் ஒகிட்சு சொன்னார்.

— அந்த ஆளுக்கு ஓட்டை வாய். தனியா இருக்கிற பொம்பளை, ஆம்பளைத் துணியைக் காயப்போட்டா திருடன் வரமாட்டான். போலீஸ்காரங்களே கூட்டம் போட்டுச் சொன்னது.

— திருடனுக்குன்னா வாரத்துல ரெண்டு நாள் போதுமே. நீங்க மழையிலயும் மாட்டுறீங்க. போன மாசம் புயல் எச்சரிக்கை வந்து ஊரே ஜன்னலைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்தப்போ கூட அது அங்கதான் படபடன்னு அடிச்சிட்டிருந்துச்சு. யாருக்கோ ஜாடை காட்டுற மாதிரி இருக்கு.

— ஒரு சட்டையை இவ்வளவு உன்னிப்பா நோட்டம் விட்டிருக்கீங்க. நான் போலீசைக் கூப்பிடறேன்.

— கூப்பிடுங்கம்மா. நானே கூப்பிடச் சொல்லத்தான் வந்தேன்.

— என்னது?

— போஸ்டர் சும்மா ஒரு சாக்கு. போஸ்டருக்கு உங்க சட்டை ஒரு தொந்தரவே இல்ல. ரெண்டு மாசமா நானே அதைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டுத்தான் படத்தைப் போடறேன்.

— அழிச்சுட்டா?

— ஆமா. புதுசா வந்த மேலதிகாரிக்குக் காட்சி சுத்தமா இருக்கணும். நான் சட்டையை அழிச்சு, அந்த இடத்துல கொஞ்சம் கடலை வச்சிடுவேன். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.

— எல்லாப் படத்துலயுமா?

— எல்லாத்துலயும்.

— யாரைக் கேட்டு அழிச்சீங்க? ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா நான் மாட்டினது எதுவுமே போய்ச் சேரலையா?

— எங்க போய்ச் சேரணும்?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லுங்க.

— அழிக்க ஆரம்பிச்சதுல இருந்து ஒரு ஆள் மெயில் அனுப்பிட்டே இருக்கான். பேர் போடறதில்ல. முதல்ல, படத்தோட கீழ்ப்பகுதியை ஏன் மாத்துறீங்கன்னு கேட்டான். அப்புறம், அந்த வீடு அப்படியேதான் இருக்கா, ஆள் குடியிருக்காங்களான்னு கேட்டான். நேத்து வந்தது என்னைத் தூங்க விடலை. தனியா இருக்கிற ஒரு அம்மாவோட வீட்டை எவனோ நோட்டம் விடறான். அதைச் சொல்லி உங்களை உஷார்படுத்தலாம்னுதான் வந்தேன். எடுத்த எடுப்புல சொன்னா பயந்துடுவீங்கன்னு போஸ்டரை இழுத்தேன்.

— எந்த ஊர் ஆளு?

— போடலை. எங்க ஊர்ல பனி விழ ஆரம்பிச்சுடுச்சுன்னு ஒரு மெயில்ல இருந்துச்சு. வடக்க எங்கயோ இருக்கணும்... என்னம்மா சத்தம்?

— தாழ்ப்பாள். ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா தம்பி.

— திறந்துட்டீங்களே! நான் திருடனா இருந்தா?

— திருடனா இருந்தா குப்பை நாளைச் சரியா படிச்சுட்டு வந்திருப்ப. உட்காரு.

— எவனோ நோட்டம் விடறான்னு சொல்றேன், நீங்க எனக்கு டீ போடறீங்களேம்மா?

— அவன் எவனோ இல்ல. என் பையன். கெய்சுகே.

— உங்களுக்குப் பையன் இருக்காரா? ஒகிட்சு சொல்லவே இல்லையே.

— பதினோரு வருஷமாச்சு, ஊரே மறந்துபோச்சு. புயல் வருதுன்னு சொல்லச் சொல்லக் கேட்காம அப்பாவோட படகை எடுத்துட்டுப் போனான். எபோஷித் தீவுப் பாறையில மோதிச் சுக்கு நூறாக்கிட்டு நீந்திக் கரையேறினான். இவர் வாசல்ல நின்னுட்டு, படகோட வர்றதா இருந்தா வா, இல்லன்னா என் மூஞ்சியில முழிக்காதேன்னார். அவன், படகோடதான் வருவேன்னு நனைஞ்ச துணியோடவே போயிட்டான். அப்பனும் மகனும் ஒரே பிடிவாதம்.

— அப்பா தவறினது அவருக்குத் தெரியாதா?

— எங்கன்னு தேடிச் சொல்றது? அவர் தவறின அந்த மாசம் முடி வெட்டிக்கப் போனேன். அந்தக் கடைப் பொண்ணு போன்ல உங்க படத்தைக் காட்டி, நிஷிகாகி அம்மா, உங்க துணி உலகம் முழுக்கக் காயுதுன்னு சிரிச்சா. அப்போதான் எனக்குத் தோணிச்சு. ஊரை விட்டுப் போனவன் ஊர்ப் படத்தைப் பார்க்காம இருப்பானா? அப்பா சட்டை தொங்கினா அப்பா இருக்கார்னு நினைப்பான். அவர் இருந்தாதானே படகோட வருவான்? அவரே இல்லன்னு தெரிஞ்சா இனி யாருக்குன்னு வருவான்?

— அவர் பார்க்கிறார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— போன வருஷம் காய்ச்சல்ல விழுந்து அஞ்சு நாள் மாட்டலை. ஆறாம் நாள் போன் வந்துச்சு. எடுத்தா பேச்சில்ல, மூச்சு மட்டும் கேட்குது. நான் ஒரு மடச்சி. பதறிப்போய், அப்பா குளிச்சிட்டிருக்கார்னு சொல்லிட்டேன். வச்சுட்டான்.

— இந்த ரெண்டு மாசத்துல ஏன் கூப்பிடலை?

— அவனுக்குத் தெரிஞ்ச வீட்டு போன் லைன் எங்க இருக்கு? மோசடிக்காரங்க தொல்லை தாங்காம கோடையிலயே எடுத்துட்டேன். நல்லா யோசிச்சுப் பார்த்தா, எல்லாரையும் சந்தேகப்பட்டு அவனுக்கு இருந்த ஒரே வழியை நானே அடைச்சிருக்கேன். இன்னொரு வழியை நீ அழிச்சிருக்க.

— மன்னிச்சுடுங்கம்மா. எனக்குத் தெரியாது.

— நீ பார்க்கிற பார்வை எனக்குப் புரியுது. பெத்த பிள்ளையை மூணு வருஷமா ஏமாத்துறாளேன்னு நினைக்கிற. ஆமா, ஏமாத்துறேன். தினம் காலையில அதை மாட்டும்போது எனக்கு உறுத்துது. ஆனா இறக்கிட்டா அவன் வரவே மாட்டான்.

— நான் இப்பவே ஆபீஸ் போய், எல்லாப் படத்தையும் அழிக்காத படமா மாத்திப் போட்டுடறேன்.

— இரு. நேத்து வந்த மெயில் தூங்க விடலைன்னியே, அதுல என்ன கேட்டிருக்கான்? சட்டை எங்கன்னா?

— சட்டையைப் பத்தியும் இருக்கு.

— அப்போ, சட்டை இருக்கு, அவரும் சௌக்கியமா இருக்கார்னு பதில் போட்டுடு. நகராட்சியே சொல்லிட்டா நம்புவான்.

— அதை எழுத முடியாதும்மா.

— ஏன்? கடல்ல கடலை ஒட்டத் தெரியுது, ஒரு வரி பொய் எழுத வராதா?

— அதுக்கில்ல. போன்லயே வச்சிருக்கேன், படிக்கிறேன் கேளுங்க. "ஐயா, அந்த நீலச் சட்டையை மூன்று வருடமாகப் பார்க்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு எண்ணெய்க் கறை இல்லை, ஒரு கிழிசல் இல்லை. அதைப் போட்டிருந்தவர் ஒரு நாளும் சட்டையை அப்படி வைத்துக்கொண்டதில்லை. அவர் இப்போது இல்லை என்பது எனக்கு முதல் வருடமே தெரியும்."

— முதல் வருஷமேவா?

— இதனாலதான் பயந்தேன். வீட்ல ஆம்பளை இல்லன்னு இவனுக்கு எப்படித் தெரியும்னு.

— தெரிஞ்சும் பார்த்துட்டிருந்தானா? எதுக்கு? மடையன், எதுக்குப் பார்த்தான்? படகு பத்தி ஏதாவது எழுதியிருக்கானா?

— ஒரு வார்த்தை இல்லைம்மா. கடைசி வரி மட்டும்தான் பாக்கி. "சட்டை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, தினமும் அதை மாட்டுகிறவர் இருக்கிறாரா, இருந்தால் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்று மட்டும் எழுதுங்கள்."