உள்ளே வாங்கிய வளைவு

இருந்தவர்கள்:
பொற்கொடி, கம்மாபுரம். சூடுகாற்றுக் குழாய்க்கு வளைந்த ஃபைபர் பேனல் வார்த்த காண்ட்ராக்ட் தொழிலாளி.
சசிகுமார், ஷிப்ட் இன்ஜினியர். நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்.
கருணாகரன், ஃபேன் ஆபரேட்டர்.
இடம்: டவுன்ஷிப்புக்கு வெளியே, பழுப்பு நிலக்கரித் தூளை உலர்த்தும் ஒரு தனியார் ஆலையின் கண்ட்ரோல் ரூம். மதியம் இரண்டே கால்.

— இப்ப எப்பிடி நிக்குதுன்னு நான் கேக்கல சார். காலையில பேனலு உள்ள வாங்குச்சா இல்லயா?

— வாங்குச்சு. ஃபேனை நிறுத்தினதும் டொப்புனு பழையபடி வெளிய வந்துடுச்சு. லாஜிக்கா யோசி பொற்கொடி. உடைஞ்ச பொருள் திரும்பி வருமா?

— தகரமா இருந்தா நெளிஞ்ச எடம் கண்ணுக்குத் தெரியும். இது ஃபைபரு. மேல பாத்தா மொழுமொழுன்னுதான் இருக்கும். இப்பதான் குழாய்க்குள்ள ஏறி ஒத்த ரூவா காசால தட்டிப் பாத்துகினு வரேன். ஓரமெல்லாம் கணீர்னு கேக்குது. நடுவுல ரெண்டு மொழத்துக்கு மண்ணுல தட்டுன மாதிரி இருக்குது. உள்ள ஒட்டுன அடுக்கு விட்டுப்போச்சு.

— காசு தட்டுறதெல்லாம் ஒரு டெஸ்ட்டா? நேத்து சூடு இல்லாம ஓட்டினோம். ஃபேன் முழுசா உறிஞ்சியும் பேனல் அசையல. ரிப்போர்ட் இருக்கு.

— பச்சக் காத்துல நிக்கும். நூத்திப்பத்து டிகிரி ஏறினப்புறம்தான வாங்குச்சு? ஃபைபர ஒட்டிப் புடிக்கிற அந்த ரெசின் சூட்டுல எளகிடும். தண்ணி டேங்குக்கு ஊத்துற ரெசின் அது. சூடு தாங்குற டின்னு எங்கன்னு அன்னிக்கே கேட்டேன். வரும், நீ ஊத்துன்னு சொன்னது யாரு?

— ஊத்தினது நீதானே?

— நான்தான். இந்தக் கையாலதான் ஊத்துனேன். அதனாலதான் வந்து நிக்கிறேன். மறுபடி சூடேத்துனா அது திரும்பி வராது, கிழியும். வெளிக்காத்து உள்ள பூந்தா காஞ்ச தூளு பத்திக்கும். கீழ்த்தளத்துல எட்டு பொண்ணுங்க தூளக் கூட்டிகினு இருக்காங்க. அதுல ஒருத்தி என் தங்கச்சி வெண்மதி.

— அவள மட்டும் வெளிய கூப்பிட்டுக்கோ. யாரு வேணாம்னா?

— மத்த ஏழு பேரு என்னா, கூட்டுற குப்பையா?

— குரல ஒசத்தாத. மூணு மணிக்கு ஓடணும்னு மேலேருந்து ரெண்டு தடவ போன் வந்தாச்சு. பேனலை மாத்தினா மூணு நாள் போகும். லேபர் ஒருத்தி காசால தட்டினா, அதனால நிறுத்திட்டேன்னு நான் சொல்லவா?

— சொல்லு. வாய் இருக்குல்ல?

— கருணாகரன், இவள வெளிய அனுப்பிட்டுக் கதவப் பூட்டுங்க.

— சார், இன்னொரு தடவ பேசிப் பாக்கலாமே.

— பேசி முடிஞ்சது. பாஸைக் குடுத்துட்டுப் போ. நாளைக்கு வர வேணாம்.

— இந்தா, புடி. இத மாட்டிகினு அலையணும்னு எனக்கும் ஒண்ணும் ஆச இல்ல. கருணாகரண்ணே, கையப் புடிக்காதீங்க. எனக்கு வாசப்படி தெரியும்.

— பூட்டியாச்சா?

— பூட்டியாச்சு சார்.

— அப்ப ஃபேனைப் போடுங்க.

— போட முடியாது சார்.

— நீங்களும் ஆரம்பிக்கிறீங்களா?

— நான் ஒண்ணும் ஆரம்பிக்கல சார். குழாய்க்குள்ள ஏறுறவங்க ஃபேன் சுவிட்சுல சொந்தப் பூட்டு போட்டுட்டுதான் ஏறணும். இறங்கி வந்து அவங்க கையாலதான் எடுக்கணும். அந்தப் பூட்டு இன்னும் தொங்குது. வெட்டணும்னா, ஏன் வெட்டுறோம்னு எழுதி நீங்க கையெழுத்துப் போடணும்.

— எழுதவும் வேணாம், வெட்டவும் வேணாம். சாவி எங்க?

— இப்ப வெளிய தள்ளிப் பூட்டச் சொன்னீங்களே சார், அவங்க இடுப்புல.