கடைசி வரி: பூஜ்ஜியம்

பூஜ்ஜியம் என்பது எங்கள் தொழிலில் நல்ல சேதி. திண்டுக்கல்லில் நான் படித்த பள்ளியில் பூஜ்ஜியம் வாங்கினால் அப்பாவின் பெல்ட் பேசும். கணினியில் அப்படியில்லை. ஒரு நிரல் தன் வேலையை முடித்து வெளியேறும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். பூஜ்ஜியம் என்றால் எல்லாம் நலம். வேறு எந்த எண் வந்தாலும் ஏதோ கோளாறு. அவற்றில் எழுபத்தைந்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். 'இப்போது முடியவில்லை, பிறகு வந்து பார்' என்று அதற்கு அர்த்தம். பணிவான எண்.

என் பெயர் சதீஷ்குமார். வேலை பெர்மிட்டில் மலேசியா வந்து ஆறு வருடம் ஆகிறது. கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களுக்குப் போகும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. அதை அளக்க ஒரு கருவி உண்டு. அந்தக் கருவியை மணிக்கொரு தரம் விசாரிக்க நான் ஒரு நிரல் எழுதியிருந்தேன். நிரல் பூஜ்ஜியம் சொன்னால் தாதியர் மேசையில் பச்சை விளக்கு எரியும். வேறு எது சொன்னாலும் சிவப்பு.

கருவி பழசு. அவ்வப்போது பதில் சொல்லாமல் தூங்கிவிடும். உடனே எழுபத்தைந்து, உடனே சிவப்பு. போய்ப் பார்த்தால் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். மேலாளர் ராஜனுக்குச் சிவப்பைக் கண்டாலே ஆகாது.

"உன் பெர்மிட் புதுப்பிக்கிற நேரம் தம்பி. இந்த மாசம் ரெட்டே வரக்கூடாதுலா," என்றார்.

ஊரில் என் மனைவி மாதவி இங்கே வந்து சேர டிக்கெட் எடுத்துவிட்டாள். திருமணமாகி நாலு வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது எழுபது நாள்கூட இருக்காது. அதனால் நிரலின் அடியில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். எது நடந்திருந்தாலும் பூஜ்ஜியம் சொல்லிவிட்டுப் போ. அந்த மாதம் முழுக்கப் பச்சை எரிந்தது. ராஜன் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அப்புறம் மூன்று நாள் தண்ணீர்த் தடை வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அது புதிதில்லை. நாலாம் நாள் காலை குழாயில் தண்ணீர் வந்தபோது குளோரின் மருந்து வாடை தூக்கலாக இருந்தது. நோயாளிகள் வாசல் வரை நின்றார்கள், மூன்று நாள் சிகிச்சை இல்லாமல் சிலருக்குக் கால் வீங்கி நிற்கவே முடியவில்லை. தலைமைத் தாதி மாரியாயி அக்கா தினமும் ஒரு காகிதப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துத் தானும் ஒரு முறை சோதிப்பார். அன்று அதற்கு நேரமில்லை. என் அறைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, தண்ணி வாடை அடிக்குது. ஆனா பச்சைதான் எரியுது. நம்பி ஓட்டலாமா?"

"பச்சைன்னா பச்சைதான்க்கா," என்றேன்.

மூன்றாவது நாற்காலியில் கார்த்திகேசு அங்கிள் உட்கார்ந்தார். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்ந்தவர். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பொட்டலம் வறுத்த கடலை கொண்டுவருவார். இரண்டாம் மணி நேரத்தில் முதுகு வலிக்கிறது என்றார். குழாயில் ஓடிய ரத்தம் கறுத்துப்போயிருந்தது. அக்கா கத்திக்கொண்டே எல்லா இயந்திரங்களையும் நிறுத்தினார். மற்ற ஆறு பேரும் பிழைத்தார்கள். அங்கிள் ஆம்புலன்ஸில் போகும்போதே இறந்துவிட்டார்.

அவருடைய ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டுவதற்குள் நான் அந்த வரியை எடுத்துவிட்டு நிரலை ஒரு தரம் ஓட்டினேன். நிரலின் அன்று காலைப் பதிவில் இருந்த பூஜ்ஜியங்களையும் எழுபத்தைந்தாக மாற்றினேன். இதை மோசடி என்று சொல்லத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அன்று வந்திருக்க வேண்டிய எண் அதுதானே. பொய்யை அழித்துவிட்டு உண்மையை எழுதினேன்.

ராஜன் வந்து பார்த்தபோது விளக்கு சிவப்பாக எரிந்தது.

"ரெட் எரியுதே மாரியாயி, எப்படி ஓட்டின?"

"ஐயோ, பச்சைதான் இருந்துச்சு. தம்பிகிட்டகூடக் கேட்டேனே!"

என்னைக் கேட்டார்கள். அக்கா வந்து கேட்டது உண்மைதான், பச்சை எரிவதாக அவர் சொன்னார், விளக்கை நான் பார்க்கவில்லை என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. காகிதப் பட்டைச் சோதனையை அவர் விட்டதும் உண்மைதான். அக்காவின் வேலை போனது, தாதி உரிமமும் போனது. என் பெர்மிட் வந்தது. மாதவியும் வந்துவிட்டாள்.

எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கடலை வண்டியைக் கண்டால் இன்னும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். அதனால்தான் அக்காவை விட்டுவிடவில்லை. இப்போது அவர் ஒரு கேட்டரிங் கடையில் காய் நறுக்குகிறார். மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்ப்பேன். போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"அன்னைக்குப் பச்சைதானே தம்பி எரிஞ்சுச்சு?"

போன மாதம் நானே அவரைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரப் பெண் பச்சை, சிவப்பு எல்லாம் காட்டிச் சோதித்தாள். அக்கா ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

"கண்ணு பளிச்சுன்னு இருக்கு ஆன்டி," என்றாள் அவள்.

அக்கா அங்கேயே அழுதுவிட்டார். "அப்போ என் புத்திதான் சரியில்லையா?"

"டென்ஷன்ல அப்படித் தோணும்க்கா. எதுக்கும் ஒரு கண்ணாடி போட்டுக்குங்க," என்றேன்.

அவர் பார்த்தது பச்சைதான். அன்று அவர் என் அறை வாசலில் நின்று கேட்டபோது என் திரையில் கருவி தூங்கிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் மாலையிலிருந்தே தூக்கம். அதைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

கண்ணாடிச் சட்டத்தை நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அவர் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது. அதைப் போட்டதிலிருந்து அக்கா அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எல்லாம் நலம் என்றுதான் நினைக்கிறேன்.